மலைக்கல்லில் ஒரு கிளிஞ்சல்

கண்ணுங்களா, நேற்று உங்கள் அறிவியல் புத்தகத்தில் சுண்ணாம்புக்கல் மலை ஒன்றின் படம் பார்த்தேன். பழங்கடலின் அடியில் கிளிஞ்சலும் பவளமும் அடுக்கடுக்காய்ப் படிந்து, இறுகி, பிறகு மலையாய் எழுந்ததாம்.

எனக்குப் பத்து வயதில், சாலை போட லாரியில் வந்த மலைக்கல் ஒன்றில் கிளிஞ்சல் பதிந்திருந்தது. “இது கடல்ல இருந்த கல்லு” என்றேன். உப்பளத்துப் பிள்ளைகள் எதையும் நக்கித்தான் சோதிப்போம். அண்ணன் நக்கினான்.

“உப்பே கரிக்கலையேடா, புளுகு மூட்டை!”

தெருவே சிரித்தது. நான் விடவில்லை. கடலோரக் கிளிஞ்சல்களைப் பொறுக்கிக் கூரைமேல் பரப்பினேன். ஐப்பசி மழை முழுக்க நனைந்தன. பிறகு அண்ணனிடம் ஒன்றை நீட்டினேன்.

“டேய், இதுலயும் உப்பு இல்லடா!”

“ஒரு மழைக்காலத்துக்கே இப்படின்னா, மலை எத்தனை மழை பார்த்திருக்கும்?” என்றேன்.



இன்று நீங்கள் பள்ளிக்குக் கிளம்புமுன், அந்தப் படத்துக்குக் கீழே, யாரும் பார்க்காமல், பென்சிலால் ‘உண்மை’ என்று எழுதினேன்.