இன்னும் ஸ்டார்ட் பண்ணாத வண்டி

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் டெஸ்டருக்கு இருப்புக்கொள்ளாது. விடிந்ததும் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, டீக்குப் பால் காய்ச்சி வைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். உள்ளே உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். உள்ளே இருந்தால் கதவைத் தட்டுவது அவருக்குக் கேட்காது. அந்த விஷயம் அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் போச்சு, அப்புறம் இந்தப் பக்கம் ஒருத்தரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்று அவருக்கு உள்ளூர பயம்.

வருகிறவர்கள் பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியங்கள். வண்டியைத் தயாரித்த கம்பெனி மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் துருப்பிடித்த வண்டிகளை எந்தெந்தக் கோழிக்கூண்டுக்குப் பின்னாலிருந்தோ தேடி எடுத்து, பெற்ற பிள்ளையைப் போலக் குளிப்பாட்டி வைத்திருக்கிறவர்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர்கள் வண்டியெல்லாம் ஒரு காலத்தில் அந்தக் கம்பெனியில் டெஸ்டர் ஓட்டிப் பார்த்து அனுப்பிய வண்டி. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் இங்கே வந்து ஸ்டார்ட் செய்து, "சத்தம் சரியா இருக்கா சார்?" என்று கேட்பார்கள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்கிற மாதிரி நின்றுவிட்டு, எங்கே கோளாறு என்று சொல்வார். வாரத்தில் அந்த ஒரு காலைதான் அந்த வீட்டில் மனுஷக் குரல்.

டெஸ்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வண்டி மரப்பெட்டிகளில் கப்பலேறி வந்தது. பிரித்து, மாட்டி, வெளிநாட்டுக்காரன் பெயரோடேயே விற்றார்கள். பிறகு பெட்ரோல் டாங்க் இங்கேயே செய்தார்கள், அப்புறம் சக்கரம், கடைசியில் இன்ஜினே இங்கே வார்ப்படமாகி, சொந்தப் பெயரும் ஏறியது. அப்போது இருந்த மவுசைக் கேட்கவே வேண்டாம். கல்யாணத்துக்கென்று பதிவு செய்த வண்டி, குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு வந்து சேர்ந்த கதையெல்லாம் உண்டு. எதைச் செய்தாலும் விற்கும் என்று முதலாளிகளுக்கு மிதப்பு வந்துவிட்டது. ஒரு நட்டைக்கூட மாற்றவில்லை. அடுத்தவன் சும்மா இருப்பானா? எடை குறைந்த, பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிற வண்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். கம்பெனி கை மாறியது, மறுபடியும் கை மாறியது, ஒருநாள் கேட்டில் பூட்டுத் தொங்கியது.

அதுவரைக்கும் ஒவ்வொரு வண்டியையும் அந்தக் கேட்டுக்கு வெளியே எடுத்துப்போய், செங்கல் சூளை வளைவு வரை ஓட்டித் திரும்புவதுதான் அவர் வேலை. சரியாக இருந்தால் டாங்கின் மேல் சாக்பீஸால் ஒரு டிக். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "காதை அடைச்சிட்டு இன்ஜினை எப்படிய்யா கேக்கறது?" என்பார். பின்சீட்டில் யாரையும் ஏற்றக்கூடாது என்பது கம்பெனி விதி. ஆக, வாழ்நாள் பூராவும் தனியாகவே ஓட்டினார். சொந்தமாக வண்டி வாங்கவும் இல்லை.

"ஒரு நாளாவது என்னைப் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று மனைவி கேட்டிருக்கிறாள். "நாள் பூரா அதுலதான் கிடக்கேன், வீட்டுக்கு வந்தாவது விடு" என்று எரிந்து விழுந்தார். அந்த மகராசி அப்புறம் கேட்கவே இல்லை. போயும் சேர்ந்துவிட்டாள். இப்போது அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

காது போனது இரண்டு வருஷத்துக்கு முன்னால். முதலில் குருவிச் சத்தம் போனது, பிறகு குக்கர் விசில், பிறகு அநேகமாக எல்லாமே. வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவாள். சட்டைப்பையில் போன் அதிர்ந்ததும் எடுத்து, "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன், உடம்பைப் பாத்துக்க, வெச்சிடறேன்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவார். அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தாளோ என்னவோ. அப்பாவுக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்திருப்பாள். வேறெப்படி நினைப்பாள், பாவம்?

ஞாயிறு காலையைச் சமாளிக்க உள்ளங்கை இருந்தது. டாங்கின் மேல் கையை வைத்தால் போதும், உள்ளே நடப்பதெல்லாம் அந்தத் துடிப்பிலேயே தெரிந்துவிடும். மற்றபடி யார் என்ன பேசினாலும் சிரித்துத் தலையாட்டுவார். இப்படியே கமுக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பல் டாக்டர் புதுப் பெயின்ட் அடித்த வண்டியோடு வந்தார். வாசலில் இடமில்லாமல் வண்டிகள் இடித்துக்கொண்டு நின்றன. டெஸ்டர் டாங்கின் மேல் கை வைத்தார். கண்ணை மூடினார். எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"பரவாயில்லையே. டாப்பெட் மட்டும் லேசா லூசா இருக்கு" என்றார்.

கண்ணைத் திறந்தால், ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. டாக்டரின் வாய் அசைந்தது. கையில் சாவி. சாவி வண்டியில் இல்லை, கையில்! "சார், நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையே" என்றுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து வண்டியின் ஹேண்டில்பார் இதில் இடித்துக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது அது. அதன் துடிப்புத்தான் இங்கே வந்திருக்கிறது. பின்னால் யாரோ ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

"தலைவலி" என்று சொல்லி டெஸ்டர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். அன்று சாயங்காலம் போன் அதிர்ந்தபோது எடுக்கக்கூட இல்லை.

அந்த வாரம் முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. யாரிடம் திறப்பது? அடுத்த ஞாயிறு சவரம் செய்யவில்லை, பால் காய்ச்சவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சமையலறை மேஜையில் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி யார் வரப்போகிறார்கள்?

டம்ளரில் தண்ணீர் சிலிர்த்தது.

முதலில் கண்தான் சரியில்லை என்று நினைத்தார். மேஜையில் கையை வைத்தார். எழுந்து போய் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தார். கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. ஒரு வண்டி இல்லை, எல்லா வண்டியும். போய்க் கதவைத் திறந்தார்.

"எனக்குக் காது கேக்காது!" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

டாக்டர் ஏதோ சொன்னார். வழக்கம்போலத் தலையாட்டப் போனவர், நிறுத்திக்கொண்டார். "என்ன சொன்னீங்க? கேக்கல. உரக்கச் சொல்லுங்க."

டாக்டர் அவர் காதோடு வாயை வைத்துக் கத்தினார். தெருவுக்கே கேட்டது, அவருக்கு அரைகுறையாக விழுந்தது. "தெரிஞ்சிடுச்சு சார்! கதவைத் தட்டினா கேக்காதுன்னுதான் எல்லாரும் ஆக்சிலேட்டரை முறுக்கினோம்!"

மத்தியானம் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார். வீடு மறுபடியும் வெறிச்சென்று ஆனது. நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அது அதிர்ந்தது. நல்லா இருக்கேன்மா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"அம்மாடி, எனக்குக் காது கேக்கறதில்ல. ரெண்டு வருஷமாச்சு. நீ என்ன பேசறேன்னே தெரியாமத்தான் போனை வெச்சிட்டிருந்தேன். உன் மேல கோவமெல்லாம் கிடையாதும்மா."

போனைக் காதோடு அழுத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை. அழுகிறாளா, திட்டுகிறாளா, லைனிலாவது இருக்கிறாளா, எதுவும் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார். "இருந்தாலும் நீ பேசு. வெச்சிடாத."