பாசம் வந்துவிட்டால் ஆளை மாற்றுவார்களாம்

இன்று குற்றாலத்தில் ஒரு மாநாடு. என்னைப் போல வயதானவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கிற பெண்களுக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசர்கள் கூடியிருந்தார்கள். என் வீட்டுக்கு ஆள் அனுப்புகிற சூப்பர்வைசர் சாந்தி, மேடையில் பேச என்னைக் காரில் கூட்டிப் போனாள்.

“ஆச்சி, நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்க. செல்வி பேச்ச மட்டும் எடுத்துராதீங்க.”

செல்விதான் இரண்டு வருஷமாக எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, கைபிடித்து நடக்க வைத்தவள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளைப் புளியங்குடிக்கு மாற்றியவள் இந்தச் சாந்தி. நான் மறப்பேனா?

சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதிதாக வருகிறவள் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போய்விடுகிறாள். என் தலையில் தண்ணீர் பட்டு எத்தனை நாளாகிறது!

மைக்கைக் கொடுத்தார்கள். “செல்விய ஏன் மாத்துனிய?” என்று கேட்டுவிட்டேன்.

சாந்தி ஓடிவந்தாள். “ஒரே ஆளு ரொம்ப நாள் வந்தா பாசம் வந்துரும் ஆச்சி. நாளைக்கு அவ வேலைய விட்டுட்டா நீங்க தாங்க மாட்டிய. அதுக்குத்தான் மாத்துதோம்.”

“ஏட்டி, பாசம் வந்தாச்சு. இப்பம் என்ன செய்யப் போற?”

அவள் மைக்கை வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு சால்வையைப் போர்த்தினாள்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. புளியங்குடியில் செல்வி எந்த வீட்டுக்குப் போகிறாள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சால்வையை அந்த வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு அவளை வாங்கிக்கொள்கிறேன்.