இலத்திரன் கோடும் ஜெபாவின் டொச்சும்

போன கிழமை ஜெர்மனியில், எங்கள் வுப்பர்டால் வீட்டு நிலவறையை ஒதுக்கும்போது பழைய ஹெட்போன் ஒன்று கைக்கு வந்தது. சும்மா காதில் வைத்துப் பார்த்தேன். பஞ்சு உதிர்ந்து காதெல்லாம் கறுப்புத் தூள். சூடான தூசியும் பழைய ரப்பரும் கலந்த ஒரு மணம். அந்த மணத்துக்குப் பின்னாலேயே, ஆய்வுக்கூடத்து ஸ்டீபன் அண்ணையின் குரலும் வந்துவிட்டது: "கண்ணை மூடிக்கிட்டு கேளும்மா. குருவியா, இல்லையா?"

குருவி இல்லை. ஆனால் சத்தியம் பண்ணச் சொன்னால் குருவியென்றே பண்ணியிருப்பேன். பூமியைச் சுற்றியிருக்கும் காந்தமண்டலத்தில் இலத்திரன்கள் சும்மா கிடப்பதில்லை, அலை அலையாக ஆடுகின்றன. செயற்கைக்கோள் ஒன்று அந்த அலைகளை நீண்ட கம்பிகளால் பிடித்து அனுப்பும். அதை ஒலியாக்கினால் விடியற்காலைத் தோப்பு மாதிரிக் கீச்சிடும். நான் இலத்திரன் என்றால் அண்ணை எலெக்ட்ரான் என்று திருத்துவார். எங்களுக்குள் அது ஓயாத சண்டை.

பீலெஃபெல்டுக்கு அங்கால் ஒரு சின்ன நகரத்தில் எங்கள் ஆய்வுக்கூடம். நான் முனைவர் படிப்புக்குப் புதிதாகச் சேர்ந்தவள். "மகள் ரொக்கெற் விடுறாள்" என்று அம்மா கோயிலில் சொல்லித் திரிந்தார். மகளோ மவுஸைப் பிடித்துக் கோடு கீறிக்கொண்டிருந்தாள். அலைகளைப் படமாக்கினால் மேலே ஒரு வெளிச்சக் கோடு தெரியும். அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அங்கே இலத்திரன்கள் அவ்வளவு நெருக்கம். சாதாரண நாளில் கணினியே கோட்டைக் கண்டுபிடித்துவிடும். சூரியப் புயல் வந்தால் கோடு கலைந்து சிதறும். அப்போதுதான் எங்கள் கண் வேண்டும். புயலை நிறுத்தவோ திருப்பவோ எங்களால் ஏலாது, பார்த்துக் கோடு கீறலாம், அவ்வளவே.

ஸ்டீபன் நாகர்கோவில்காரர், என்னோடு ஒரே மேசையில் வேலை செய்தவர். முதல் நாள் அண்ணை என்று கூப்பிட்டேன். "அதென்ன அண்ணை? ஏதோ தாத்தாவைக் கூப்பிடுற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். பிறகு பழகிவிட்டது. மனைவி ஜெபா ஊரில் இருந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. பிள்ளை பிறந்ததும் இங்கே வருவதாக ஏற்பாடு. வந்து இறங்கும் பெண் வாயடைத்து நிற்கக்கூடாதென்று, அவளுக்கு டொச், அதுதான் ஜெர்மன் பாஷை, படிப்பிக்கும் பொறுப்பை அம்மா தானாகவே எடுத்துக்கொண்டார். அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர். அவருடைய டொச்சில் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை மணக்கும். "சொல்லுக்கு முன்னாலை டேர், டீ, டாஸ் எண்டு மூண்டு வரும். எல்லாத்துக்கும் 'டீ' எண்டு சொல்லு பிள்ளை, அரைவாசி சரிவரும்" என்று இலக்கணத்தை ஒரே வரியில் முடித்தார். போனில் இருவரும் உருளைக்கிழங்கு, வெங்காயம், டொக்டர், வலி என்று மாறிமாறிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

செயற்கைக்கோள் சூரியனைப் பார்த்துத் திரும்ப எரிபொருள் வேண்டும். திரும்பாவிட்டால் மின்சாரம் இல்லை. அந்த எரிபொருள் முடியப்போகிறதென்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இன்னும் கொஞ்சம் இழுக்கும், அதற்குள் அடுத்த திட்டத்துக்குப் புது அனுமதி வந்துவிடும் என்று நம்பியிருந்தோம். அனுமதி வரவில்லை. கோள் நின்றால் திட்டமும் நிற்கும். என் இடம் பல்கலைக்கழகத்தின் கீழ், நான் தப்பினேன். அண்ணையின் ஒப்பந்தம் திட்டத்தோடு கட்டியது. வேலை போனால் இங்கே இருக்கும் உரிமையும் போய்விடும். வேறு வேலை கேட்டுத் தேசம் முழுக்க எழுதிப் போட்டார். எல்லா இடத்திலிருந்தும் மரியாதையான மறுப்பு.

அம்மாவுக்குக் கொதித்துவிட்டது. "நாங்கள் ஒரு காகிதமும் இல்லாமல் வந்து நிண்டனாங்கள், இருக்க விட்டாங்கள். படிச்ச பிள்ளையை அனுப்புறதோ? நான் வந்து கதைக்கிறன்."

"அம்மா, ஏலாது. அது அப்பிடிக் கதைக்கிற இடமில்லை."

வந்தார். ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தார். எங்கள் பேராசிரியரின் மேசையில் அதை வைத்துவிட்டு, எல்லாத்துக்கும் 'டீ' போட்டு நீளமாகக் கதைத்தார். எனக்கு நிலம் பிளந்தால் போதுமென்றிருந்தது. நெட்டையான, அதிகம் பேசாத மனிதர் அவர். ஒரு ரோலைச் சாப்பிட்டு முடித்து, அம்மாவுக்கு விளங்கவேண்டுமென்று மெதுவாகச் சொன்னார்: "நான் தட்டாத கதவு இல்லை, அம்மணி." சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

ரயிலில் அம்மா சீட்டைக் காட்டிவிட்டுக் கைப்பையை மூடினார். பிறகு, "பாவம், அந்த மனுசனாலயும் ஏலாது" என்றார்.

கோளின் கடைசிப் பதிவு ஒரு மத்தியானம் வந்தது. கோடு அன்று நல்ல தெளிவு, பாழாய்ப்போன தெளிவு. நடுவில் சட்டென்று முடிந்து, அங்கிருந்து படம் முழுக்கக் கறுப்பு. அண்ணை மவுஸை வாங்கி, கறுப்பின் விளிம்புவரை நிதானமாகக் கீறினார். "அவ்வளவுதாம்மா" என்றார்.

அன்று பின்னேரம் நான் அம்மாவிடம் போயிருந்தபோது ஜெபா அவருக்குப் போன் எடுத்தாள். வழக்கம்போலச் சிரிப்புச் சத்தம் வரும் என்று இருந்தேன். வரவில்லை. அம்மா போனை என் கையில் தந்துவிட்டுக் குசினி அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தப் பக்கம் அவள் இன்னும் அம்மா என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "அம்மா, படிச்ச டொச்சை இனி நான் யார்ட்ட பேச?" போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அண்ணையை டுசல்டோர்ஃபில் விமானம் ஏற்றிவிட்டோம். பிள்ளை பிறந்ததும் ஒரு படம் வந்தது. அதற்குப் பிறகு நத்தாருக்கு நத்தார் ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து, பிறகு அதுவும் இல்லை. நான் பட்டம் வாங்கி இப்போது காப்புறுதிக் கம்பனியில் வெள்ளத்துக்கும் ஆலங்கட்டி மழைக்கும் ஆபத்துக் கணிக்கிறேன். அம்மா இப்போது இல்லை. கோள் இன்னும் மேலே ஊமையாகச் சுற்றுகிறது, ஒருநாள் இறங்கி எரிந்துபோகும்.

இந்த வசந்தத்தில் அந்த நகரத்தில் ரயில் மாற வேண்டியிருந்தது. நேரம் கிடந்ததால் ஆய்வுக்கூடம்வரை நடந்து மாடியேறினேன். எங்கள் அறைக் கதவில் வேறு பெயர்கள். உள்ளே ஒரு பெண்பிள்ளை கணினியிலிருந்து தலையை நிமிர்த்தி, யாரைத் தேடுகிறீர்கள் என்று டொச்சில் கேட்டாள்.

ஒருத்தரையும் இல்லை என்றேன்.