மூட்டத்துக்குள் யாருடைய ‘என்னங்க’?

கிரெய்கிபர்னில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இத்தாலிக்காரிக்கு என் வயதுதான், ஐம்பத்திரண்டு. இளமையில் பதினான்கு குளிர்காலம் தன் நாட்டுக்காகப் பனிச்சறுக்குப் பந்தயங்களில் ஓடியவள். மலையுச்சியிலிருந்து சர்ரென்று இறங்கும் வகை இல்லை. காலில் நீளப் பட்டையும் கையில் இரண்டு கோலுமாகக் காட்டுக்குள் மேடும் பள்ளமும் தள்ளிக்கொண்டு போகும் வகை. நான்காம் இடம் பலமுறை. பதக்கம் ஒன்றுகூட இல்லை. “அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்” என்று அவளுக்கு ஒருநாள் விளக்கினேன். “நகர்ந்துச்சே! எனக்கு முன்னாடி மூணு பேர் நகர்த்திட்டாங்க” என்றாள்.

பந்தயப் பாதையோரம் நிற்கும் கூட்டம் “டாய்! டாய்!” என்று கத்துமாம். விடாதே, போ என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் விடுவாரா? “நாட்டுக்காக ஓடுற பொம்பளையை டேய்னா கூப்பிடுறாங்க?”

சிரித்துவிட்டு அவள் சொன்னாள்: “அது எல்லாருக்கும் பொதுவான கத்தல். காதுல விழும், காலுக்குப் போகாது. எங்கப்பா மட்டும் என் பேரைச் சொல்லிக் கத்துவார். அதுக்குத்தான் கால் நகரும்.”

இங்கே ஆகஸ்ட் குளிர்காலம். போன ஆகஸ்டில் அவள்தான் எங்களைப் பனிமலைக்கு அழைத்துப் போனாள். சாப்பிடும் இடம் பத்து நிமிடம்தான் என்று அவள் சொன்னதும், சர்க்கரைக்காரரான என் வீட்டுக்காரர் மதிய ஊசியைப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு டப்பா என் முதுகுப் பையில். கொஞ்ச தூரத்தில் அவர் விழுந்து, பட்டை கழன்றது. “நீங்க போங்க, மாட்டிட்டு வர்றேன்” என்றார்.

அடுத்த வளைவில் நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. என் கையுறை தெரிந்தது. அதற்கப்பால் வெறும் வெள்ளை. தட்டுத் தடுமாறி விழுந்த இடத்துக்கு வந்தால் அவர் இல்லை. நாலைந்து தடங்கள் மரங்களுக்குள் பிரிந்து போயிருந்தன. ஊசி போட்டவர் அரை மணிக்குள் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவார்.

“என்னங்க!” என்று கத்தினேன்.

“இங்கதான்டி இருக்கேன்! கத்தாதே, வர்றேன்!”

போன உயிர் திரும்பியது. வெள்ளைக்குள்ளிருந்து வந்தவர் வேறொரு தமிழர், ஊதாக் குல்லாயும் மீசையுமாக. “மன்னிச்சிடுங்க மேடம், என் வொய்ஃப்னு நினைச்சேன்.”

இத்தாலிக்காரி திகைத்தாள். “இவர் பேரும் என்னங்கவா?” மூன்று வருடமாக அவள் என் வீட்டுக்காரரை ‘மிஸ்டர் என்னங்க’ என்றுதான் கூப்பிடுகிறாள். நாங்களும் திருத்தவில்லை.

“அது பேரே இல்லை” என்றேன்.

“அப்போ பேரைச் சொல்லு!”

இருபத்தேழு வருடத்தில் நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. படிவமெல்லாம் அவரே நிரப்புவார். டாக்டர் கேட்டால் கார்டை நீட்டுவேன். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்த வாய். வீட்டில் உட்கார்ந்து சிரிக்கலாம். அங்கே சிரிப்பு வரவில்லை. சொல்லாவிட்டால் இப்போதே போய்விடுவார். சொன்னால், என்றைக்கோ ஒருநாள் என்னால் போவார்.

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. அப்புறம் மூன்று தடவை, தொண்டை கிழிய.

“யாரது?” கீழே, வலப்பக்கம், பலவீனமாக ஒரு குரல்.

அவள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே சறுக்கி இறங்கினாள். தோளில் சாய்த்து அவரைக் கொண்டுவந்தபோது அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்திருந்தது, கை உதறியது. பையிலிருந்த ஜூஸைப் புகட்டி, எலுமிச்சை சாதத்தை ஊட்டினேன். கொஞ்சம் தெளிந்ததும் கேட்டேன்: “மொதல்ல கூப்பிட்டப்போ கேக்கலையா?”

“கேட்டுச்சு. ஆனா ஒருத்தர் வர்றேன்னாரே! சரி, யாரோ வீட்டம்மான்னு விட்டுட்டேன்.”

அவர் இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். லேசாக இருமினால்கூட எனக்குத்தான் திக்கென்கிறது. மூன்று முறை சொல்லியிருக்கிறேன். இங்கே எழுதினால் நான்காகிவிடும்.