நகராமல் நின்றவள்

அலுவலகத்தில் விதிமுறை பார்க்காமல் நான் ஒரு காகிதத்தையும் நகர்த்தியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு என் விதிமுறைகளைச் சுமக்கக் கிடைத்தவர்கள் பேரப்பிள்ளைகள்தான்.

சென்ற கோடையில் மகள் குடும்பத்தோடு நரிக்குடிப் பக்கம், வறண்ட கண்மாய்க்குள் நடந்து சுற்றிப் பார்க்கப் போனோம். இறங்கும்போதே அறிவித்தேன்: "வழி தவறினால் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது." சின்னப் பேத்தி மட்டும்தான் கவனமாகத் தலையாட்டினாள்.

சீமைக்கருவேலங்காட்டுக்குள் காணாமல் போனதும் அவள்தான். உச்சி வெயிலில் பெயர் சொல்லிக் கத்தியபடி அலைந்தோம். மகள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் ஒரு பொட்டலில் கண்டோம். ஆடு மேய்க்கும் பெண் ஒருவர் தன் முந்தானையை அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து நின்றார். அவர் தலை வெயிலில் இருந்தது. பக்கத்திலேயே மர நிழலும் இருந்தது.

"நெழலுக்கு வான்னா வரமாட்டேங்குது. தாத்தா நகரக் கூடாதுன்னாராம். ஏய்யா, நிக்கச் சொன்ன மனுசன், நெழல்ல நில்லுன்னு சொல்லப்படாதா?"

வாடிப்போன முகத்தோடு பேத்தி கேட்டாள்: "இப்ப நகரலாமா தாத்தா?"

அவளைத் தூக்கிக்கொண்டேன். மர நிழலுக்கு நடந்தேன்.

"ஒங்க ஆடுக எங்கக்கா?" என்றாள் மகள்.

"அதுக என்ன, இந்தப் பிள்ள மாதிரி சொன்ன பேச்சு கேக்குமா? எங்கிட்டோ போயிருச்சுக. தேடிக்கிருவேன்."

நாங்களும் கூடவே தேடினோம். பொழுது சாயும்போது எல்லாம் கிடைத்தன.

சொன்னபடி கேட்கும் பிள்ளைகளைப் பார்த்தால் முன்பெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது.