ஓர வரிசை

எங்கள் குடியிருப்பில் என் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எதிர்வீட்டுக் கதவு திறக்காது. உள்ளே சாவி குலுங்கும், பிறகு நின்றுவிடும். நான் படியிறங்கிப் போன பின்புதான் அந்தம்மா வெளியே வருவார். ஸ்வீடனில் இது மரியாதை; அடுத்தவரைப் பேச்சுக்கு இழுத்துச் சங்கடப்படுத்தக் கூடாதாம். வந்த புதிதில் என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, ஒரு டப்பா ரவா லட்டு கொடுத்துப் பார்த்தேன். "இன்று என்ன விசேஷம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் முகத்தில் கவலை வந்துவிட்டது. மறுநாள் அந்த டப்பா கழுவித் துடைத்து, ஒரு பையில் என் கதவுக் கைப்பிடியில் தொங்கியது. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். வெளியே வந்தவர்களுக்குப் புரியும். போன மாதம் எதிர்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டு, நானே உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடத்தில் நன்றாகத்தான் தேறியிருக்கிறேன்.

நான் பார்ப்பது ஆன்டெனா வேலை. ஒரு பலகையில் எட்டுக்கு எட்டு என்று சின்னச் சின்ன செப்புச் சதுரங்களை நெருக்கமாக அடுக்குவோம். ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஆன்டெனா; ஒன்று பேசினால் பக்கத்தில் இருப்பது சும்மா இருக்காது. கொஞ்சம் வாங்கிக்கொண்டு தன் பங்குக்குத் திருப்பி அனுப்பும். மியூச்சுவல் கப்ளிங் என்று அதற்குப் பெயர். பலகை செய்வதற்கு முன்பே அதைக் கணினியில் சிமுலேஷன் செய்து பார்த்தாக வேண்டும். அறுபத்து நாலையும் வரைந்தால் நாள் கணக்கில் ஓடும். அதனால் முன்பு சென்னையில், நாவலூர் ஆபீஸில் ஒரு குறுக்குவழி கற்றிருந்தேன்: ஒன்றை மட்டும் வரைந்து, நாலு பக்கமும் முடிவில்லாமல் இதே மாதிரி இருக்கிறது என்று மென்பொருளை நம்பவைத்துவிடுவது. இங்கேயும் அதையே செய்தேன். பலகை வந்து அளந்தபோது நடுவில் இருந்தவை சொன்னபடி கேட்டன. ஓர வரிசைகள் கேட்கவில்லை.

"ஓரத்தில் இருப்பதற்குப் பக்கத்தில் யார்?" என்று கேட்டான் என்னோடு வேலை செய்யும் யோஹான்.

"அதே மாதிரி இன்னொன்று," என்றேன்.

அவன் பலகையை எடுத்து ஓரத்தை விரலால் தடவிக் காட்டினான். அதற்கு அப்பால் வெறும் மேசைதான். வெட்கமாகப் போய்விட்டது. சென்னை ராஜகீழ்ப்பாக்கத்தில் வளர்ந்தவளுக்கு, பக்கத்தில் ஆள் இல்லாத இடம் என்று ஒன்று இருக்கும் என்றே தோன்றவில்லை.

அந்த வாரம்தான் அப்பாவை என்னிடம் வரவழைக்க விசா விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகு அவர் ராஜகீழ்ப்பாக்கம் பிளாட்டில் தனியாக இருக்கிறார். அவர் சரி என்று சொல்வதுதான் பாக்கி. சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில் ஜன்னல் ஓரமாக அவருக்கு ஒரு நாற்காலிகூட வாங்கிப் போட்டிருந்தேன். வீடியோவில் கூப்பிட்டேன்.

"இன்னும் எவ்ளோ நாள்பா தனியா இருப்பீங்க? வந்துடுங்க."

பதில் வருமுன் வாசல் மணி அடித்தது. இஸ்திரிக்காரர். "சார், நீல சட்டைல பட்டன் வுட்டுப்போய் கீது. தெச்சு எட்த்துனு வரட்டா?" அவர் போவதற்குள் மாடிவீட்டு நூர்ஜஹான் அக்காவின் குரல் கேட்டது. கேம்ப் ரோட்டில் ஏசி கடை வைத்திருப்பவரின் மனைவி. "அங்கிள், மீன் குழம்பு வெச்சிருக்கேன். சாதம் மட்டும் வெச்சுக்கோங்க."

அப்பா திரும்பி வந்தார். "என்னமோ கேட்டியேம்மா?"

"தனியா இருக்கீங்களேன்னு..."

"நானா?" என்றார். "அங்க வந்தா, நீ ஆபீஸ் போனப்புறம் நான் யார்கிட்ட பேசறது? எனக்கு வேணாம்மா."

கோபத்தில் பட்டென்று போனை வைத்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். ஆபீஸில், பக்கத்தில் யாருமில்லாததற்கு ஆள் இருப்பதாகக் கணக்குப் போட்டேன். வீட்டில், சுற்றிலும் ஆள் இருப்பவரைத் தனியாள் என்று போட்டிருக்கிறேன். அவருக்காகவா கூப்பிட்டேன்? எனக்காகத்தான். அதை ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் பிடித்தது. அதுவரை அவரைக் கூப்பிடவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு காலை கூப்பிட்டேன். அங்கே பதினொரு மணி தாண்டியிருந்தது. விண்ணப்பத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. வேறு விஷயமில்லாமல் பலகைக் கதையைச் சொன்னேன்.

"நாலு ஓரத்துலயும் ஒரு வரிசை டம்மி சேத்துட்டேன்பா. அதுக்குக் கனெக்‌ஷன் கிடையாது. பக்கத்துல நிக்கும், அவ்ளோதான். இந்தத் தடவ முழுசா வரைஞ்சு ஓட்டிப் பாத்தேன். ஓரத்துல இருக்கறது ஒழுங்கா வேலை செய்யுது."

"சும்மா நின்னா போதுமா?"

"போதும்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ போனை வைக்காத. எங்கயாவது சாய்ச்சு வெச்சுட்டு உன் வேலையப் பாரு. நானும் என் வேலையப் பாக்கறேன்."

சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். அவர் போனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு அரிசி களைந்து குக்கரில் ஏற்றினார். நான் துணி மடித்தேன். பேச்சே இல்லை. அங்கே மின்விசிறி ஓடியது, தெருவில் காய்கறி வண்டி போனது. இங்கே எதிர்க்கதவு மெல்லத் திறந்து மூடியது. மூன்றாவது விசில் வந்ததும், மடித்த துணியைப் போட்டுவிட்டு அடுப்பை அணைக்க ஓடினேன். என் அடுப்பில் ஒன்றுமே இல்லை.