கழிக்கிறதுக்குன்னே ஒரு அயிட்டம்

எங்க வூட்டுக்காரர் வயரிங் கான்ட்ராக்டர். ரெண்டு ஆளைக் கூட வச்சிக்கினு, உத்திரமேரூர் சுத்துவட்டாரத்துல எந்த ஊர்ல புது வூடு எழும்பினாலும், லைட்டு, ஃபேன், சுவிட்சுன்னு ஒரு பாயிண்ட்டுக்கு இவ்ளோன்னு பேசி வேலை எடுப்பார். அவர் ரேட்டு சொல்ற அழகைப் பார்க்கணும். பூசாத வூட்டு நடுவுல நின்னுக்கினு அண்ணாந்து பார்ப்பார், தாடையைச் சொறிவார், வாய்க்கு வந்ததைச் சொல்வார். ஆள் கூலி, பெட்ரோல் எல்லாம் போனப்புறம் கையில ஏதாச்சும் கீதான்னு வேலை முடிஞ்சாதான் தெரியும்.

நான் பி.காம். படிச்சவ. ஃபோன் எடுக்கிறது, சாமான் லிஸ்ட் எழுதறது, கடையில விலை விசாரிக்கிறது, இவர் இன்னும் குளிக்கவே போகாதப்ப "தோ, கிளம்பிட்டார் சார்"னு பொய் சொல்றது, எல்லாம் நான்தான். தையல் மிஷின் மேல ஒரு பலகையைப் போட்டுக்கினு கல்யாணம் ஆன நாள்லேருந்து இதைப் பண்ணிக்கினு கீறேன். யாராச்சும் என்னைப் பத்திக் கேட்டா, "வூட்ல சும்மாதான் கீது"ம்பார். எனக்குப் பத்திக்கினு வரும்.

அப்பதான் ஃபோன்ல ஒரு ஆப் கண்ணுல பட்டுது. சின்னக் கான்ட்ராக்டருங்களுக்குன்னே செஞ்சதாம், கொட்டேஷன் போட்டுக் குடுக்குமாம். மாசத்துக்கு ரெண்டு பிரியாணி காசு. அது ஒண்ணொண்ணா கேள்வி கேட்டுது. ஆள் கூலி இன்னா, வண்டிச் செலவு இன்னா, லாபம் எவ்ளோ வேணும்? லாபத்தை யாராச்சும் முன்னாடியே கேட்டு வாங்குவாங்களான்னு இவர் சிரிச்சார். கடைசியா ஒரு கேள்வி வந்துது: ஆபீஸ் வேலைக்கு எவ்ளோ? ஆபீஸ் வேலைன்னா அது நான் பண்றதுதான். அந்தக் கேள்வியை என் கிட்ட கேட்ட மொத ஆளு அந்த ஃபோன்தான். ஆனாலும் கூச்சமா இருந்துது, ஒண்ணும் போடாம விட்டுட்டேன்.

ஆப் சொன்ன ரேட்டு நியாயமான ரேட்டு. அதனாலயே ரெண்டு வூட்டு வேலை கைவிட்டுப் போச்சு. எங்க பக்கம் குறைச்சிக் குடுக்காத ரேட்டுக்கு மரியாதை கிடையாது. பேசிக் கொஞ்சம் கழிச்சாதான் வூடு கட்றவங்களுக்குச் சோறு இறங்கும். அது அந்த ஆப்புக்கு எப்படித் தெரியும்? இவர் என்னையும் ஃபோனையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார்.

மூணாவது கொட்டேஷன் மானாம்பதியில ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வூட்டுக்கு. போறது எப்படியும் போவப்போவுதுன்னு, கடைசி வரியில 'ஆபீஸ் வேலை'ன்னு துணிஞ்சு என் கூலியைப் போட்டுட்டேன். காட்டினேன், இவர் அந்த வரியைப் பார்த்துட்டுப் பேப்பரை மடிச்சுப் பாக்கெட்டுல வச்சிக்கினார். எனக்கு ஒரே சந்தோஷம். நல்ல புடவை கட்டிக்கினு நானும் கூடப் போனேன். வேலை கிடைக்காட்டியும் போவுது, அந்த ஒரு வரி அடிபடாம இருந்தா போதும்னு வேண்டிக்கினேன்.

வாத்தியார் நேரா அங்கதான் விரலை வச்சார். "ஆபீஸா? உனக்கு ஏதுப்பா ஆபீஸு?"

"அது கழிக்கிறதுக்குன்னே போட்டது சார். அடிச்சிடுங்க"ன்னார் இவர்.

வாத்தியார் பேனாவை எடுத்துப் பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி அடிச்சார். மொகமெல்லாம் திருப்தி. உடனே வெத்தலை பாக்கு வச்சு அட்வான்ஸ் குடுத்தார். எனக்கும் காபி குடுத்தாங்க. ஒரு வாய் இறங்கலை.

வர்ற வழியில இவர் வண்டியை நிறுத்தி எனக்குப் பூ வாங்கிக் குடுத்தார். சூப்பர் ஐடியாவாம், இனிமே எல்லாத்துலயும் அந்த வரியைப் போடணுமாம். போட்டேன். போற வூட்ல எல்லாம் அடிச்சாங்க, எல்லா வேலையும் கிடைச்சுது. ஆப்புக்கு மாசக் காசு தவறாம போச்சு. என் கூலிதான் வூட்டுக்கு வூடு செத்துக்கினு இருந்துது.

அப்புறம் மாகறல்ல ஒரு அம்மா. மாடு வச்சுப் பால் ஊத்தியே மாடி வூடு கட்றவங்க. அந்தக் கொட்டேஷனை இவர் படிக்கவே இல்லை, படிக்கிற பழக்கம் எப்ப இருந்துது? பழக்கதோஷத்துல, "கடைசி வரியை மட்டும் பாருங்கம்மா, பேசிக்கலாம்"னு நீட்டினார்.

அந்த அம்மா மேலேருந்துதான் படிச்சாங்க. மொத வரியிலயே ஆபீஸ் வேலைன்னா இன்னான்னு கேட்டாங்க. ஃபோனு, கணக்கு, சாமான் லிஸ்ட் எல்லாம் நான்தாம்மா பார்க்கறேன்னேன். என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாங்க. வேலைன்னா கூலி குடுத்துத்தானே ஆவணும்னுட்டு விரலைக் கீழே இறக்கினாங்க. எனக்கு அழுகையே வந்துடும் போல இருந்துது.

கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்னுது. அங்க 'கான்ட்ராக்டர் மேற்பார்வை'ன்னு இருந்துது.

"இன்னாப்பா இது? உன் வேலையை நீ நின்னு பாக்கறதுக்கு நான் காசு குடுக்கணுமா?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அது கழிக்கிறதுக்குன்னே போட்டதும்மா. அடிச்சிடுங்க"ன்னேன் நான்.

வேலை கிடைச்சுது. திரும்பறப்ப ஒரு டீக்கடையில வண்டியை நிறுத்தச் சொல்லி, என் காசுல அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தேன். கிளாஸைக் கையில வச்சிக்கினு ரோட்டையே பார்த்துக்கினு இருந்தார். ஒரு வாய் இறங்கலை.